இணையதளம் அமைப்போருக்கும் நியாயக் கூலி

கூட்டுறவுச் சங்கம் ஒன்று தனக்கென இணையதளம் அமைத்துக்கொள்ள விரும்பினால், அதை அமைத்துத் தருபவருக்கு எவ்வளவு கூலி தருவது, எப்பொழுது தருவது, அவரிடம் எதை எதிர்பார்ப்பது என்னும் கேள்விகள் இப்பொழுது நம் நிர்வாகக் குழுக்களின் முன் வந்து நிற்கின்றன. நூல் வாங்குவதிலும் பருத்தி நிறுப்பதிலும் நெடுநாள் பழக்கமுள்ள நமக்கு இது புதிய கொள்முதல். புதிய பொருளுக்கு விலை பேசும்போது மனிதர் இருவகையாகத் தவறுவர். மிரண்டுபோய்க் கேட்ட தொகையைக் கொடுத்து ஏமாறுவது ஒரு வகை. எதிரில் நிற்பவர் இளையவர், எளியவர் என்று கண்டு, தர வேண்டியதையும் தராமல் ஏமாற்றுவது மற்றொரு வகை. முதல் தவற்றைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். இரண்டாவது தவற்றைப் பற்றி அங்கத்தினர்களுடன் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

இணையதளம் நமக்கு ஏன் வேண்டும் என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை. அருப்புக்கோட்டைச் சேலையையோ, நம் கரிசல் மண்ணில் விளையும் மிளகாய் வற்றலையோ, மல்லியையோ விரும்பி வாங்குகிறவர் மதுரையிலும் இருக்கிறார், சிங்கப்பூரிலும் இருக்கிறார். அவர் தம் கைபேசியில் தேடும்போது நம் சங்கத்தின் பெயர் தென்படாவிட்டால், நம் சரக்கை வாங்கி விற்கும் வியாபாரியின் பெயர்தான் தென்படும். கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் ஏற்கெனவே இணையத்தின் வழியாகவும் விற்பனை செய்து வருகிறது. சிறிய சங்கங்களும் அவ்வழியில் அடியெடுத்து வைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

பெரிய கம்பெனிகள் இவ்வேலைக்கெனச் சம்பள ஆட்களை வைத்துக்கொள்கின்றன. நம்மால் அது இயலாது. ஆதலின் நாம் நாடுவது, தனியாகத் தொழில் நடத்தும் ஓர் இளைஞரை அல்லது இளம் பெண்ணை. ஃப்ரீலான்சர் என்று இவர்களைக் கூறுவர். எவரிடமும் மாதச் சம்பளம் பெறாமல், வேலைக்கு வேலை ஒப்புக்கொண்டு கூலி பெறும் சுயேச்சைத் தொழிலாளர் என்று நாம் சொல்லலாம்.

அவரும் தறிக்காரரே

இச்சுயேச்சைத் தொழிலாளரின் நிலையைச் சற்று உற்று நோக்கினால், அது நமக்கு மிகவும் அறிமுகமான நிலை என்பது விளங்கும். அவருடைய கருவி அவருக்குச் சொந்தம். கடன் வாங்கியாவது கணினியைத் தாமே வாங்கியிருக்கிறார். வேலை நடக்கும் இடம் அவர் வீடு. கூலி மாதக் கணக்கில் வருவதன்று. முடித்துக் கொடுத்த வேலைக்கு மட்டுமே வரும். வேலை இல்லாத நாளுக்குக் கூலி இல்லை. காய்ச்சலில் படுத்தால் வருமானம் இல்லை. சேமநல நிதியும் தீபாவளி போனஸும் இல்லை. மின்சாரம் நின்றுபோனால் நஷ்டம் அவருடையது.

இது யாருடைய கதை? வீட்டில் தறி போட்டு நெய்யும் நெசவாளியின் கதை அல்லவா? கணினித் திரையின் முன் அமர்ந்திருப்பதனால் அவர் வேறு வகுப்பினர் என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அவர்களில் பலர் நம் வீட்டுப் பிள்ளைகள். தந்தை தறியில் இருக்க, தாய் ஊடைக்குத் தார் சுற்ற, அந்த ஓசையின் நடுவே படித்துப் பட்டம் பெற்றவர்கள். மாதச் சம்பளத்துக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகாமல், ஊரிலேயே இருந்து பிழைக்கலாம் என்று துணிந்தவர்கள். அவர்களுக்கு ஊரிலேயே பிழைப்பு உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிப்பவர்களுள் நாமும் ஒருவராகிறோம்.

நாம் எதற்காகச் சங்கம் அமைத்தோம்?

1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கடை திறந்த 28 முன்னோடிகளுள் நெசவாளிகளும் இருந்தனர். கலப்படமற்ற பொருள், சரியான எடை, ரொக்க வியாபாரம் என்பன அவர்கள் கைக்கொண்ட வழிகள். நம் நாட்டில் 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் பிறந்தது. 1935-இல் சென்னை மாகாணத்துக் கைத்தறி நெசவாளர் சங்கங்களுக்குத் தலைமைச் சங்கம் தோன்றியது. அதுவே இன்றைய கோ-ஆப்டெக்ஸ். இவையெல்லாம் எழக் காரணம் ஒன்றே. தனியாக நிற்பவனிடம் விலை பேசுகிறவன், அவன் பசியையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பேசுகிறான். அந்த அநியாயத்திலிருந்து தப்பவே நாம் கூடினோம்.

நெய்து கொண்டுபோன துணியை விரித்துப் பார்த்து, இல்லாத குறையைச் சொல்லிக் கூலியைக் குறைத்த முதலாளியை நம் முன்னோர் மறக்கவில்லை. மண்டியில் வற்றல் மூடையை அவிழ்த்து, மாதிரிக்கென்று கை நிறைய அள்ளிக்கொண்டு, அதற்கு விலையே போடாத வழக்கத்தை விவசாயிகள் அறிவார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து இருவர் மட்டும் அறிய விலை முடிப்பதையும், தூசிக்கென்றும் சாக்குக்கென்றும் கழிப்பதையும், பணத்துக்கு அடுத்த வாரம் வரச் சொல்லி நடக்க வைப்பதையும் அறிவார்கள். இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் நிகரானது இணையதளம் அமைப்பவர் விஷயத்திலும் உண்டு. அவற்றைச் செய்கிற இடத்தில் இப்பொழுது நாம் இருக்கிறோம் என்பதே வேறுபாடு.

கூலிக் கணக்கு

ஒரு சங்கத்துக்குப் பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட இணையதளம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது சேலைகளின் படங்கள், விலை விவரம், வாங்க விரும்புகிறவர் எழுதி அனுப்பப் படிவம், தமிழிலும் ஆங்கிலத்திலும் சங்கத்தின் வரலாறு ஆகியவை அதில் அடங்கும். இதை அமைக்க எத்தனை நாள் செல்லும்? சங்கத்தாரிடம் பேசி விவரங்களைக் கேட்டறிய 3 நாள், படங்கள் எடுத்துச் சீராக்க 4 நாள், பக்கங்களின் வடிவத்தை வரைய 5 நாள், அதைக் கணினியில் கட்ட 8 நாள், பலவகைக் கைபேசிகளில் சோதித்துத் திருத்த 3 நாள், சங்க ஊழியருக்குக் கற்றுக்கொடுக்க 2 நாள். ஆக 25 நாள். இது எடுத்துக்காட்டுக் கணக்கே; வேலைக்கு ஏற்பக் கூடும், குறையும்.

நாள் ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் கையில் நிற்க வேண்டும் என்று கொண்டால் 25,000 ரூபாய் ஆகிறது. ஆனால் தனித்தொழில் செய்பவருக்கு மாதம் முழுவதும் வேலை அமைவதில்லை. வேலை தேடுவதற்கும், விலைப்புள்ளி எழுதுவதற்கும், புதியன கற்பதற்கும் செல்லும் நாட்களுக்குக் கூலி தருவார் இல்லை. கணினியின் தேய்மானம், மின்சாரம், இணைய இணைப்பு ஆகியவையும் அவர் பொறுப்பு. இவற்றுக்காகப் பாதித் தொகை, அதாவது 12,500 ரூபாய் சேர்த்தால் 37,500 ரூபாய் ஆகிறது. இணையப் பெயருக்கும், தளத்தை வைத்திருக்கும் இடத்துக்கும் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய கட்டணம் இதில் சேராது.

இவ்வேலையை ஐயாயிரம் ரூபாய்க்கு முடித்துத் தரச் சொன்னால், 25 நாளுக்கு நாள் ஒன்றுக்கு 200 ரூபாய் விழுகிறது. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2025-26-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். கண்மாய்க் கரையில் மண் சுமக்கும் நம் சகோதரிக்கே அக்கூலி போதாது என்று நாம் சொல்லி வருகிறோம். அதற்கும் குறைவான கூலிக்குப் படித்த பிள்ளையை உட்கார வைத்துவிட்டுச் சங்கத்துக்குப் பணம் மிச்சம் பிடித்ததாக மகாசபையில் கூறுவது தகுமா?

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது நம் பக்கத்துப் பேச்சு. கணக்குப் பார்க்காதவன் நஷ்டத்தை நஷ்டம் என்று அறியாமலே தொழில் செய்கிறான். இளைஞர் பலர் அப்படித்தான் ஐயாயிரத்துக்கு ஒப்புக்கொள்கின்றனர். அவர் ஒப்புக்கொண்டார் என்பதனாலேயே அது நியாயக் கூலி ஆகிவிடாது. நூலுக்கு வழியின்றி நின்ற நெசவாளியும் ஒரு காலத்தில் எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டவர்தான்.

இணையம் இலவசமாகக் கிடைப்பதாயிற்றே என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். 1989-இல் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் வலை என்னும் இவ்வமைப்பை வகுத்தார். 1993 ஏப்ரலில் அந்நிறுவனம் அதை எவரும் உரிமைத்தொகை இன்றிப் பயன்படுத்தலாம் என்று உலகுக்கு வழங்கியது. ஆயினும் மானாவாரி விவசாயிக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. வானம் பெய்வது இலவசம், உழுவது இலவசமன்று.

மாதிரி காட்டச் சொல்லுதல்

ஐந்தாறு பேரை அழைத்து, ஆளுக்கொரு முகப்புப் பக்கம் செய்து காட்டச் சொல்லி, பிடித்ததை எடுத்துக்கொண்டு மற்றவர்களை வெறுங்கையுடன் அனுப்பும் வழக்கம் உலகெங்கும் உள்ளது. போட்டி என்று இதற்குப் பெயரும் சூட்டியிருக்கிறார்கள். ஆறு நெசவாளிகளிடம் ஆறு சேலை நெய்து வரச் சொல்லி, ஒன்றுக்கு மட்டும் கூலி தருவோம் என்று எந்தச் சங்கமாவது கூறுமா? கூறினால் நாமே முதலில் எழுந்து எதிர்ப்போம்.

ஒருவரின் திறமையை அறிய வழி இருக்கிறது. அவர் முன்பு அமைத்துக் கொடுத்த தளங்களைத் திறந்து பார்க்கலாம். அமைக்கச் சொன்னவர்களிடம் விசாரிக்கலாம். அதன் பின்னும் நமக்கென ஒரு மாதிரி வேண்டுமானால், அதற்கு ஒரு தொகை குறித்துக் கொடுத்துச் செய்யச் சொல்லலாம். பிறர் செய்து காட்டிய மாதிரியை வாங்கி, குறைந்த கூலிக்காரரிடம் கொடுத்து அதைப்போலவே செய்யச் சொல்வது திருட்டு. இதற்கு வேறு பெயர் இல்லை.

பாதியில் கரையை மாற்றுதல்

பாவு ஓட்டி, கஞ்சி போட்டு, அச்சுப் பிணைத்து, பாதிச் சேலை நெய்த பிறகு, கரையின் நிறத்தை மாற்றச் சொன்னால் நெசவாளி என்ன சொல்வார்? அறுத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பார். அதற்குத் தனிக் கூலி கேட்பார். கண்ணுக்குத் தெரியும் வேலையாதலால் நாமும் ஒப்புக்கொள்வோம். கணினியில் செய்யும் வேலையோ கண்ணுக்குத் தெரிவதில்லை. ‘ஒரு சின்ன மாற்றம்தானே, தம்பி’ என்று தலைவர் ஒன்று சொல்வார். மறுநாள் காரியதரிசி மற்றொன்று சொல்வார். உறுப்பினர் ஒருவர் தம் மருமகன் பார்த்த தளத்தில் இருப்பதுபோல் வேண்டும் என்பார். இருபத்தைந்து நாள் வேலை அறுபது நாளாகும். கூலி மட்டும் மாறாது.

இவ்விஷயத்தில் குற்றம் பெரும்பாலும் தீய எண்ணத்தால் வருவதன்று. நமக்கு என்ன வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்காமல் வேலையைத் தொடங்குவதால் வருவது. ஆதலின் ஆளைத் தேடுமுன் நிர்வாகக் குழு கூடி, தளம் எதற்காக என்று ஒரு தாளில் எழுத வேண்டும். சேலை விற்கவா, சங்கத்தைப் பற்றி அறிவிக்கவா, அங்கத்தினருக்குத் தகவல் சொல்லவா? படங்களை யார் தருவது, விலைகளை யார் சரிபார்ப்பது, தமிழ் வாசகத்தை யார் எழுதுவது, முடிவு சொல்லும் அதிகாரம் யாருக்கு? குழு முழுவதும் கருத்துச் சொல்லலாம். அமைப்பவரிடம் பேசுகிற வாய் மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். எத்தனை முறை திருத்தம் கேட்கலாம் என்பதையும் முன்கூட்டியே வரையறுத்துவிட்டால், அதற்கு மேற்பட்ட திருத்தத்துக்குத் தனிக் கூலி என்பதில் மனக்கசப்பு எழாது.

எழுத்தில் இருக்க வேண்டியவை

ஊர்க்காரர்களுக்குள் எழுத்து எதற்கு என்று கூறுவோர் உண்டு. ஊர்க்காரர்களுக்குள்தான் எழுத்து வேண்டும். கணக்குத் தீர்ந்த பிறகும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியவர்கள் அவர்களே.

முதலாவது, பணம் தரும் நாட்கள். நெசவாளிக்குச் சங்கம் முதலில் நூல் தருகிறது; அதுவே அவருக்கு முன்பணம். அவ்வாறே இவருக்கும் தொடக்கத்தில் ஒரு பங்கு, வடிவத்தை ஏற்றுக்கொண்டபோது ஒரு பங்கு, தளத்தை ஒப்படைத்தபோது எஞ்சிய பங்கு என்று பிரித்துக் கொடுப்பது முறை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் இதில் கண்டிப்பாக இருக்கிறது. பதிவு பெற்ற குறுந்தொழிலரிடமிருந்து பொருளையோ சேவையையோ ஏற்றுக்கொண்டவர், ஒப்பந்தம் இருந்தால் அதில் குறித்த நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்நாள் எவ்வாறாயினும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தத்தில் நாள் குறிக்காவிட்டால் 15 நாளே தவணை. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. உத்யம் பதிவு செய்துகொண்ட தனி ஒருவருக்கும் இப்பாதுகாப்பு உண்டு.

இரண்டாவது, உரிமை. பணம் கொடுத்துவிட்டால் எல்லாம் நம்முடையது என்று நாம் எண்ணுகிறோம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அவ்வாறு கூறவில்லை. சம்பள ஊழியர் தம் வேலையின் பகுதியாகச் செய்ததற்கு முதலாளி உரிமையாளர். சுயேச்சைத் தொழிலாளர் எழுதிய கணினி நிரலுக்கும் வரைந்த வடிவத்துக்கும், எழுத்து மூலம் மாற்றிக் கொடுக்காதவரை, பொதுவாக அவரே உரிமையாளர். மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். வெளிநாட்டு வாடிக்கையாளரை நாடும் சங்கம் இதை நினைவில் வைக்க வேண்டும். எந்தெந்த உரிமை, எவ்வளவு காலத்துக்கு, எந்த எல்லைக்கு என்று எழுதிக்கொள்வதும், அதற்கு ஏற்பக் கூலி தருவதும் இருவருக்கும் நன்மை.

மூன்றாவது, இணையப் பெயர். அது சங்கத்தின் பெயரிலேயே பதிவாக வேண்டும். அமைப்பவரின் சொந்தப் பெயரிலோ, ஓர் உறுப்பினரின் சொந்த மின்னஞ்சலிலோ பதிவாகக் கூடாது. கடவுச்சொற்கள் சங்கத்தின் பாதுகாப்பில் இருக்க வேண்டும். இது சங்கக் கட்டடத்தின் பத்திரத்தைப் போன்றது. கூட்டுறவு நிறுவனங்களுக்கென்றே ‘டாட் கூப்’ என்னும் தனி இணையப் பெயர்ப் பிரிவும் உலகில் உள்ளது. வேண்டுவோர் அதையும் நாடலாம்.

நான்காவது, பராமரிப்பு. தறி போட்டால் போதாது. அவ்வப்போது அச்சும் விழுதும் பார்க்க வேண்டும். தளத்தைப் புதுப்பிக்கவும் காக்கவும் ஆண்டுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இத்தனை மணி நேரம் என்று தனியாகப் பேசிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து இரண்டாண்டு கழித்தும் இரவில் அழைத்து இலவசமாகத் திருத்தச் சொல்வது உறவைக் கெடுக்கும்.

அவர் நமக்குச் செய்ய வேண்டியது

நியாயக் கூலி தருகிற சங்கத்துக்கு நியாயமான வேலையைக் கேட்கும் உரிமையும் உண்டு. சொன்ன நாளில் முடிக்க வேண்டும்; முடியாவிடில் முன்னரே சொல்ல வேண்டும். பிறர் எடுத்த படங்களையும் பிறர் எழுதியதையும் நகல் செய்து ஒட்டக் கூடாது. ஆயத்தமாகக் கிடைக்கும் வார்ப்புகளைப் பயன்படுத்துவதில் தவறில்லை. பயன்படுத்தியதைச் சொல்லிவிட வேண்டும். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பது நம்மிடையே எத்தகைய குற்றமோ, அத்தகையதே வார்ப்பை வாங்கி வைத்துக்கொண்டு கைவேலை என்று கூலி கேட்பதும்.

தமிழ் எழுத்துகள் ஒருங்குறியில் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2010-இலேயே அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. சேலையின் பெயரைப் படத்துக்குள் எழுத்தாகப் பதித்துவிட்டால், தேடுகிறவருக்கு அது அகப்படுவது அரிது. தளம் விலை குறைந்த கைபேசியிலும் விரைவாகத் திறக்க வேண்டும். பட்டணத்தில் உயர்ந்த கணினியில் மட்டும் அழகாகத் தெரிந்தால் போதாது. சங்க ஊழியர் தாமே விலை மாற்றவும் படம் சேர்க்கவும் கற்றுக்கொடுத்துவிட்டே அவர் விடைபெற வேண்டும். எதற்கும் தம்மையே நாடி வரும்படி முடிச்சுப் போட்டு வைப்பது தொழில் தர்மம் ஆகாது.

அவர் செய்ய இயலாதது ஒன்றும் உண்டு. நல்ல தளம் அமைந்த மறுநாளே ஆர்டர்கள் குவிந்துவிடும் என்று எண்ணக் கூடாது. கடைக்குக் கதவு வைப்பவர் தச்சர். சரக்கு வைப்பதும், வருவோருக்கு மறுமொழி சொல்வதும், கேட்டதை ஒழுங்காக அனுப்பி வைப்பதும் கடைக்காரரின் வேலை. வாடிக்கையாளர் எழுதிய கடிதத்துக்குப் பத்து நாள் பதில் எழுதாமல் இருந்துவிட்டு, விற்பனை இல்லையே என்று தளம் அமைத்தவரின் கடைசித் தவணையை நிறுத்தி வைப்பது அநியாயம்.

ஆட்சேபங்கள்

சங்கப் பணம் அங்கத்தினர் பணம். அதை மலிவாகச் செலவிடுவது நம் கடமையல்லவா என்று கேட்பர். சிக்கனம் கடமைதான். ஆனால் மிகக் குறைந்த விலைப்புள்ளியைத் தேர்வது எப்பொழுதும் சிக்கனம் ஆகாது. ஐயாயிரத்துக்கு ஒப்புக்கொண்டவர் பாதியில் விட்டுப் போனால், அல்லது பெயரைத் தம் கையில் வைத்துக்கொண்டு பதில் தராவிட்டால், அந்த ஐயாயிரமும் போகும். இன்னொருவருக்கு முழுக் கூலியும் தர நேரிடும். சாயம் போகும் நூலை மலிவாக வாங்கிய சங்கத்துக்கு இப்பாடம் புதிதன்று.

எங்கள் சங்கம் சிறியது, அவ்வளவு தொகைக்கு வழியில்லை என்பர். அதற்கும் விடை உண்டு. அகல உழுவதை விட ஆழ உழு என்றார்கள் பெரியோர். பன்னிரண்டு பக்கத்துக்கு வழியில்லாதவர் இரண்டு பக்கத்தோடு தொடங்கலாம். இரண்டு பக்கத்துக்கு உரிய கூலியை முழுதாகத் தரலாம். அன்றி, பக்கத்துச் சங்கங்கள் நாலைந்து கூடி ஒரே தளம் அமைத்துச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். கூடிச் செய்வது நமக்குக் கற்றுத்தர வேண்டிய வித்தையா?

நம் ஊர்ப் பிள்ளை, சேவையாகச் செய்துவிட்டுப் போகட்டும் என்பது மூன்றாவது ஆட்சேபம். சேவை என்பது தருகிறவர் தாமாகச் சொல்ல வேண்டிய சொல்; வாங்குகிறவர் சொல்லக் கூடாது. நம் சங்கத்துக்கு நூல் விற்கும் ஆலையிடம் சேவை கேட்கிறோமா? மின்வாரியத்திடம் கேட்கிறோமா? கேட்டால் மறுக்க முடியாதவரிடம் மட்டும் கேட்பது சேவைக்கு அழைப்பதாகாது.

பிற இடங்களில்

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் நியூயார்க் நகரம் சுயேச்சைத் தொழிலாளருக்கெனத் தனிச் சட்டம் இயற்றி, 2017 மே மாதத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 800 டாலரும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். நாள் குறிக்காவிட்டால் வேலை முடிந்து 30 நாளுக்குள் பணம் தர வேண்டும். அத்தனை செல்வமுள்ள நகரத்திலேயே கூலிக்கு நடந்து அலுத்தவர்களுக்காகச் சட்டம் வேண்டியிருந்தது. பெல்ஜியம் நாட்டில் 1998-இல் தொடங்கிப் பின்னர் கூட்டுறவாக மாறிய ஸ்மார்ட் என்னும் அமைப்பு, வாடிக்கையாளர் பணம் தரத் தாமதித்தாலும், தன் உறுப்பினர்களுக்கு உரிய நாளில் கூலி கிடைக்குமாறு பொது நிதி வைத்திருக்கிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. கேரளத்தில் வடகரைக்கு அருகில் ஊராளுங்கல் என்னும் ஊரில், வாக்படானந்தர் என்னும் சீர்திருத்தவாதியின் தூண்டுதலால் 1925-இல் கூலித் தொழிலாளர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். சாலையும் பாலமும் கட்டிய அச்சங்கம் இன்று கோழிக்கோட்டில் கணினித் தொழிலுக்கான வளாகத்தையும் நடத்துகிறது. மண்வெட்டி பிடித்தவர்களும் கணினி பிடித்தவர்களும் ஒரே கூட்டுறவின் நிழலில் நிற்க முடியும் என்பதற்கு அது சான்று. நம் வட்டாரத்து இளைஞர்களும் தமக்கென ஒரு சங்கம் அமைத்தால், அவர்களுக்கு முதல் வேலையைக் கொடுக்க வேண்டியவர்கள் நாமே.

பாலவனத்தம் கற்பிப்பது

கண்ணுக்குத் தெரியாத உழைப்பை மதிப்பதற்கு நம் பகுதியில் முன்மாதிரி உண்டு. பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியதையும், 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்ததையும் பலரும் அறிவர். சென்னையில் பள்ளி ஆசிரியராயிருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் பல ஆண்டுகள் உழைத்துத் தொகுத்த ‘அபிதான சிந்தாமணி’ என்னும் பெருங்கலைக்களஞ்சியம் அச்சேற வழியின்றிக் கிடந்தபோது, அவ்வுழைப்பின் அருமையை உணர்ந்து, அது 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக வெளிவரத் துணை நின்றவரும் அவரே. ஓலையிலும் தாளிலும் கிடந்த எழுத்தைச் சேர்ப்பது வேலையா என்று அவர் கேட்கவில்லை.

ஆயினும் ஒன்று. வள்ளன்மை ஒரு தனி மனிதரின் குணம். அவர் மறைந்தால் அதுவும் மறையும். நியாயக் கூலி சங்கத்தின் விதியாக இருக்க வேண்டும். தலைவர் மாறினாலும் அது மாறக் கூடாது. ஆகவே ஒவ்வொரு சங்கமும் அடுத்த மகாசபையில் பின்வருமாறு தீர்மானம் இயற்றலாம்: விலை பேசுமுன் வேலையின் அளவை எழுதிக் கொடுப்போம். கூலி பெறாத மாதிரியை எவரிடமும் கேட்க மாட்டோம். தொடக்கத்தில் முன்பணம் தருவோம். எஞ்சியதை வேலையை ஏற்றுக்கொண்ட 15 நாளுக்குள் தருவோம். ஒப்பந்தத்தில் இல்லாத வேலைக்குத் தனிக் கூலி தருவோம்.

இவ்வைந்தும் இணையதளம் அமைப்பவருக்கு மட்டும் உரியவை அல்ல. படம் எடுப்பவருக்கும், விளம்பரம் வரைபவருக்கும், கணக்கு எழுதுபவருக்கும் பொருந்துபவை. நெசவாளிக்கும் விவசாயிக்கும் பிறரிடமிருந்து நாம் நெடுங்காலமாகக் கேட்டு வருபவையும் இவையே. பிறரிடம் கேட்பதை நாமே கொடுத்துக் காட்டுகிற நாளில், நம் கோரிக்கைக்கு இன்னும் வலிமை பிறக்கும். அங்கத்தினர்கள் இதைச் சிந்தித்துச் செயலாற்றுவார்களாக.